‘இது’ன்னா எது டீச்சர்?

என் போனில் ஒரு படம் இருக்கிறது. சுவரில் ஸ்மார்ட் போர்டு, அதில் நீலக் கோடுகளாய் ஒரு வரைபடம், அதன் முன்னால் இரட்டைச் சடை போட்ட ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை. நான் அவள் வலது கையைப் பிடித்து போர்டின் மேல் வைத்திருக்கிறேன். நான் கேமராவைப் பார்க்கிறேன். அவள், ‘சிரிம்மா’ என்று குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பியிருக்கிறாள். மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளையும் சேர்த்து நடத்துகிற உள்ளடக்கிய கல்வி தொழில்நுட்பத்தோடு நடக்கிறது என்று காட்டப் பள்ளியிலிருந்து ஒரு படம் வேண்டும், மதியத்துக்குள் வேண்டும் என்று வாட்ஸப் குழுவில் செய்தி வந்திருந்தது. எடுத்தோம், அனுப்பினோம். அவளுக்குப் பிறவியிலிருந்தே இரண்டு கண்ணிலும் பார்வை இல்லை. அவள் கை தொட்டுக்கொண்டிருந்தது வழவழப்பான கண்ணாடியை. கோடு எங்கே, புள்ளி எங்கே என்று அந்த விரல்களுக்குச் சொல்ல அதில் ஒன்றுமே இல்லை. அது செப்டம்பரில். நாலு மாதம் ஆகிறது. அந்தப் படம் என்னை விடவில்லை, அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். போர்டு வந்த அன்று எங்கள் பள்ளியில் அதிகம் சந்தோஷப்பட்டது நான்தான். தென்காசிப் பக்கத்து அரசு உயர்நிலைப் பள்ளியில் பதினேழு வருஷமாகக் கணக்கு எடுக்கிறேன். பெயர்ந்துபோன கரும்பலகையில் கட்டம் போட்டு அச்சு வரைந்து முடிப்பதற்குள் பாதிப் பாடவேளை போய்விடும். 2018-இல் புதுப் பாடநூல் வந்ததிலிருந்து கணக்குப் புத்தகத்தில் ‘இணையச் செயல்பாடு’ என்று ஒரு கட்டம் இருக்கும், பக்கத்தில் கியூஆர் கோடு இருக்கும், ஜியோஜீப்ரா என்ற கணக்கு வரைபட மென்பொருளில் செய்து பார்க்கச் சொல்லியிருக்கும். ‘வீட்டில் யாரிடமாவது போன் இருந்தா பாருங்க’ என்று தாண்டிப் போய்க்கொண்டிருந்தேன். இப்போது விரலால் புள்ளியை இழுத்தால் அது பிள்ளைகள் கண் முன்னால் நகருகிறது. அந்த வசதியை நான் குறைத்துப் பேசப் போவதில்லை.

அவள் எட்டாம் வகுப்பு வரை விடுதியோடு கூடிய சிறப்புப் பள்ளியில் படித்தவள். பிள்ளையை வீட்டோடு வைத்துக்கொள்ள வேண்டும் என்று அவள் அம்மாவுக்கு ஆசை. 2016-ஆம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 40 சதவீதத்துக்குக் குறையாத குறைபாடுள்ள பிள்ளை 6 வயதிலிருந்து 18 வயது வரை பக்கத்துப் பள்ளியிலோ, விரும்பினால் சிறப்புப் பள்ளியிலோ இலவசமாகப் படிக்கலாம் என்கிறது. அவள் எங்களிடம் வந்தாள். முதல் பெஞ்சில் உட்கார வைத்தேன். பக்கத்தில் நன்றாக எழுதுகிற, பொறுமையான ஒரு பிள்ளையை உட்கார வைத்தேன். வட்டார வள மையத்திலிருந்து சிறப்பாசிரியர் வாரம் ஒரு நாள் வருவார். என் பங்கு முடிந்தது என்று மனசார நம்பினேன்.

அக்டோபரில் ஒரு நாள்

ஆயத்தொலை வடிவியல். மூன்றாவது பாடவேளை. ஜியோஜீப்ராவில் அச்சுகளைப் போட்டு, ஒரு புள்ளி வைத்து, விரலால் இழுத்துக் காட்டிக்கொண்டிருந்தேன். ‘எல்லாரும் பாருங்க. இது இங்க இருக்கும்போது இது மூணு. இப்ப இதை இப்படியே இங்க கொண்டு வர்றேன். என்ன ஆச்சு? இது மாறுது. இது மாறல. ஏன்?’ வகுப்பு மொத்தமும் ஒரே குரலில் ஏதோ சொன்னது. அந்தச் சத்தம் ஆசிரியர்களுக்கு ரொம்பப் பிடித்த சத்தம். புரிந்துவிட்டது என்று அடுத்ததற்குப் போய்விடலாம். நான் போகத் திரும்பும்போது முதல் பெஞ்சில் கை உயர்ந்திருந்தது.

‘டீச்சர், “இது”ன்னா எது?’

‘புள்ளிம்மா’ என்றேன்.

‘இல்ல டீச்சர், ரெண்டு “இது” சொன்னீங்க. ஒண்ணு மாறுது, ஒண்ணு மாறலன்னீங்க. ரெண்டும் புள்ளியா?’

அவள் குறை சொல்லவில்லை. குரலில் அப்படி எதுவும் இல்லை. பெயர்ச்சொல்லே இல்லாத என் பேச்சிலிருந்து, அங்கே இரண்டு தனித்தனிச் சமாச்சாரங்கள் இருக்கின்றன, அவற்றில் ஒன்றுதான் மாறுகிறது என்பது வரைக்கும் அவள் தனியாகப் பிரித்து எடுத்திருந்தாள். மிச்சத்தைத்தான் கேட்டாள். நான் போர்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சொல்ல வேண்டியது எனக்குத் தெரியும், ஆனால் அதை வாயால் சொல்லிப் பழக்கமில்லை. மெதுவாகக் கோர்த்துச் சொன்னேன்: ‘ஒரு புள்ளி இருக்கு. அது எக்ஸ் அச்சுக்கு இணையா வலது பக்கமா நகருது. நகர நகர அதோட எக்ஸ் ஆயத்தொலைவு மூணுல இருந்து அஞ்சாகுது. ஒய் ஆயத்தொலைவு ரெண்டாவே இருக்கு.’

‘அப்ப அது ஏறவும் இல்ல, இறங்கவும் இல்ல. அதே உயரத்துல நடக்குது. அதான் ஒய் மாறல’ என்றாள்.

அதோடு விட்டிருந்தால் அவளுக்காக ஒரு தடவை விளக்கினேன் என்று நானும் மறந்திருப்பேன். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பையன், ‘ஓ, அதுவா டீச்சர்!’ என்றான். ஒரு நிமிஷத்துக்கு முன்னால் எல்லாரோடும் சேர்ந்து சத்தமாகப் பதில் சொன்ன பையன் அவன். கண் இருக்கிற பையன். போர்டைப் பார்த்துக்கொண்டிருந்தவன். அவனுக்கும் அந்த இரண்டு ‘இது’வும் எது என்று தெரிந்திருக்கவில்லை. அவன் கேட்கவில்லை, அவ்வளவுதான். பார்வை இருக்கிற பிள்ளை கேட்டால் ‘போர்டைப் பாரு’ என்றுதானே சொல்வேன்.

மறுநாள் மேசையில் போனை வைத்து என் பாடவேளையைப் பதிவு செய்தேன். ராத்திரி அடுப்படியில் வைத்துக் கேட்டேன். இது, அது, இங்க, அங்க, இப்படி என்று நான் விரலை நீட்டிச் சொன்னவற்றை நோட்டில் கோடு போட்டு எண்ணினேன். நாற்பது நிமிஷத்தில் நூற்றுப் பன்னிரண்டு. குரலை மட்டும் கேட்டால் அந்தப் பாடம் பாடமாகவே இல்லை. ‘இதையும் இதையும் கூட்டி இங்க எழுதினா இது வரும்’ என்று ஒரு பெண் பேசிக்கொண்டே போகிறாள். அந்தப் பிள்ளை ஜூனிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தது இதைத்தான். கரும்பலகை காலத்தில் இப்படி இருந்திருக்காது என்று தோன்றுகிறது. சாக்பீஸால் எழுதும்போது எழுதுவதை வாயும் சொல்லும், ‘எக்ஸ் கூட்டல் ரெண்டு சமம்’ என்று. போர்டில் எல்லாம் முன்னமே எழுதி வந்துவிடுகிறது. நான் சுட்டிக் காட்டினால் போதும். போர்டு என் கையை நீளமாக்கியது, வாயைச் சுருக்கிவிட்டது.

எங்கள் தமிழ் ஐயாவிடம் சொன்னேன். ‘அ, இ, உ மூணும் சுட்டெழுத்து டீச்சர். பக்கத்துல இருந்தா இ, தூரத்துல இருந்தா அ. ஆனா சுட்டுறவன் விரல் தெரிஞ்சாத்தான் சுட்டு’ என்றார். ஆறாம் வகுப்பு இலக்கணம். நான் அதைப் படித்துத்தான் பாஸ் ஆனேன்.

இதில் என்னை அதிகம் உறுத்தியது நான் நடத்திய பாடம். ஆயத்தொலைவு என்பதே விரல் நீட்டாமல் இடத்தைச் சொல்வதற்காக வந்த வழி. 1637-இல் பிரெஞ்சு அறிஞர் தெகார்த்தே எழுதி வெளியிட்ட வடிவியலிலிருந்து கிளைத்து வந்தது. ‘அங்கே’ என்பதற்குப் பதில் இரண்டு எண்கள். அந்த இரண்டு எண்ணும் கையில் இருந்தால் பார்க்காத ஆள்கூட, வேறு ஊரில் இருக்கும் ஆள்கூட, அதே இடத்தில் புள்ளி வைக்கலாம். அந்தப் பாடத்தைத்தான் நான் ‘இங்க பாருங்க, இங்க பாருங்க’ என்று நடத்தியிருக்கிறேன்.

அடுத்த ஒரு வாரம் இன்னொரு தப்புச் செய்தேன். ‘பார்’ என்ற சொல்லையே வகுப்பில் விட்டுவிட முயன்றேன். அவள் மனசு நோகும் என்று நினைத்து, ‘பார்க்கலாம்’ என்று வருகிற இடத்தில் எல்லாம் தடுமாறி நின்றேன். அவளே இடைவேளையில் வந்து, ‘நேத்து அந்த சீரியல் பாத்தீங்களா டீச்சர், நான் பாத்தேன்’ என்றாள். நம் மொழியில் தொட்டுப் பார்க்கிறோம், கேட்டுப் பார்க்கிறோம், ருசி பார்க்கிறோம், சொல்லிப் பார்க்கிறோம். ‘பார்’ எல்லாருக்கும் பொதுவாகத்தான் இருக்கிறது. இடைஞ்சல் செய்தது ‘இது’.

செக்கு வாசம்

தீபாவளி கழிந்து ஒரு சனிக்கிழமை அவள் வீட்டுக்குப் போனேன். பழைய பள்ளியில் கணக்கு எப்படிச் சொல்லிக்கொடுத்தார்கள் என்று அவள் அம்மாவிடம் கேட்க வேண்டியிருந்தது. வழி கேட்டு போன் போட்டேன், அவள்தான் எடுத்தாள். ‘பஸ்ஸ விட்டு இறங்கி, வந்த திசையிலேயே நடங்க டீச்சர். எண்ணெய்ச் செக்கு வாசம் வரும். அதத் தாண்டி ரெண்டாவது இடது சந்து. சந்துக்குள்ள கால் சிமென்ட்ல இருந்து மண்ணுக்கு மாறும். அங்க இருந்து முப்பது எட்டு, வலது பக்கம் தகரக் கதவு.’ போனேன். முப்பத்தி நாலாவது எட்டில் தகரக் கதவு. என் எட்டு அவள் எட்டைவிடச் சின்னது போல. அவ்வளவு சொன்னதில் ‘அங்க’ ஒரே ஒரு தடவைதான் வந்தது, அதற்கும் முன்னாலேயே எங்கே என்று சொல்லிவிட்டாள். நான் படித்துத் தெரிந்துகொண்டதை அவள் பேச்சாகவே வைத்திருக்கிறாள்.

அம்மா திண்ணையில் பீடி சுற்றிக்கொண்டிருந்தார். மடியில் தட்டு, தட்டில் வெட்டிய இலை, தூள், ஓரத்தில் நூல். ‘அங்க ஒரு சட்டம் மாதிரி குடுப்பாங்க டீச்சர், குழிகுழியா இருக்கும், அதுல எழுத்தச் சொருகிக் கணக்குப் போடுவா’ என்றார். டெய்லர் சட்டத்தைச் சொல்கிறார். சின்ன உலோக அச்சை எந்தப் பக்கம் திருப்பிச் சொருகுகிறோம் என்பதை வைத்து எந்த எண் என்று விரலுக்குத் தெரியும். கூட்டல் பெருக்கலுக்கு நல்லது. வரைபடத்துக்கு ஆகாது. பிரெய்ல் புத்தகத்தை எடுத்துக் காட்டினாள். நாம் ஒரு கையில் தூக்கும் கணக்குப் புத்தகம் அதில் தடித்தடியாகப் பல பாகங்கள். 1951-இல் இந்திய மொழிகளுக்குப் பொதுவாக வகுத்த பாரதி பிரெய்ல்தான், ஆறு புள்ளிக்குள் ‘க’வும் ‘ழ’வும் அடங்கிவிடுகின்றன. ‘படத்தில் காட்டியுள்ளபடி’ என்ற வரி வந்தது. அவள் விரல் அந்த வரியைக் கடந்து அடுத்த வரிக்குப் போனது. படம் இல்லை. கிளம்பும்போது அம்மா ஒரு நூல் கண்டைக் கையில் கொடுத்தார். படத்துக்கு நூலை ஒட்டிக் காட்டலாமே என்று நான்தான் கேட்டிருந்தேன்.

ஒட்டிக் காட்டுவதைவிட நல்லது ஒன்று அமைந்தது. வகுப்பில் ஒரு பையனின் அப்பா தச்சு வேலை செய்கிறவர். மிச்சப் பிளைவுட்டில் வரிசைக்குப் பதினொன்றாகப் பதினொரு வரிசை, 121 ஆணி அடித்துக் கொடுத்தார். மைனஸ் ஐந்திலிருந்து ஐந்து வரைக்கும் இரண்டு அச்சும் அதில் வந்துவிடும். நடு ஆணிதான் ஆதிப்புள்ளி. அது எது என்று விரலுக்கு எப்படித் தெரியும்? சைக்கிள் வால்வு டியூபில் ஒரு துண்டு வெட்டி அதன் மேல் மாட்டினாள் அவள். இரண்டு அச்சுக்கும் தடித்த சணல், மற்றக் கோடுகளுக்குப் பீடி நூல். பழுப்பு ரப்பரைத் தொட்டதும் அவள் விரல் நிற்கும். அங்கிருந்து மூன்று ஆணி வலப்பக்கம், இரண்டு ஆணி மேலே. எல்லா வருஷமும் பாதி வகுப்பு (3, 2)-ஐயும் (2, 3)-ஐயும் மாற்றித்தான் குறிக்கும். பதினேழு வருஷமாக ‘முதல்ல எக்ஸ், அப்புறம் ஒய்’ என்று கத்தியிருக்கிறேன். அவள் பக்கத்துப் பிள்ளைக்கு, ‘முதல்ல நட, அப்புறம் ஏறு’ என்று சொல்லிக்கொடுத்தாள். இப்போது ஒன்பதாம் வகுப்பு முழுக்க அதைத்தான் முணுமுணுக்கிறது. இடைவேளையில் பார்வையுள்ள பிள்ளைகள் கண்ணை மூடிக்கொண்டு அந்தப் பலகைக்குப் போட்டி போடுகிறார்கள். ஸ்மார்ட் போர்டில் அதே நேரம் அதே கோடு ஓடுகிறது. இரண்டும் சேர்ந்து நடக்கும்போதுதான் எனக்கு நிம்மதியாக இருக்கிறது.

காண்க

அவளிடம் அண்ணன் கொடுத்த பழைய ஆண்ட்ராய்டு போன் இருக்கிறது. திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் டாக்பேக் அதிலேயே உண்டு. அவள் கேட்கிற வேகத்தில் எனக்கு ஒரு சொல்கூடப் பிடிபடாது. வாட்ஸப், பாட்டு, அண்ணன் அனுப்பும் வேலைவாய்ப்புச் செய்தி எல்லாம் அதில் படித்துவிடுவாள். அரையாண்டுக்கு முன்னால் என் வினாத்தொகுப்பை வகுப்புக் குழுவில் அனுப்பினேன். மறுநாள் போனை என் காதில் வைத்தாள். ‘எஃப், ஹெச், இசட்’, ஒரு சின்ன இடைவெளி, மறுபடி ‘எஃப்’. அடுத்த கேள்வியின் முடிவிலும் அதே. அதற்கடுத்ததிலும் அதே.

நான் பாமினியில் தட்டச்சுப் பழகினவள். என் பழைய வினாத்தாள் எல்லாம் பாமினி எழுத்துரு. அதில் திரைக்குத் தமிழ், உள்ளே இருப்பது ஆங்கில எழுத்து. ‘காண்க’ என்று நம் கண்ணுக்குத் தெரிவது கணினிக்கு எஃப், ஹெச், இசட், அரைப்புள்ளி, எஃப். கணக்கில் பெரும்பாலான கேள்வி ‘காண்க’ என்றுதானே முடியும். தமிழ் எழுத்தைத் தமிழ் எழுத்தாகவே கணினிக்குள் வைக்கிற குறியீட்டு முறை யூனிகோடு. அதில் தமிழ் 1991-லிருந்து இருக்கிறது, 2010-இல் தமிழக அரசு அதைத் தரக் குறியீட்டு முறையாக ஏற்று ஆணையே போட்டுவிட்டது. நான் பழக்கத்தை விடவில்லை. இதற்குப் பணம் வேண்டாம், போர்டு வேண்டாம், யாருடைய அனுமதியும் வேண்டாம். என் விரல் பழக்கம் ஒன்று மாறியிருந்தால் அவள் ஜூனிலேயே தானாகப் படித்திருப்பாள். நாங்கள் குழுவில் ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொள்கிற கோப்புகளில் பாதி இப்படித்தான், மிச்சம் தாளைப் போட்டோ எடுத்து அடுக்கியவை. போட்டோவுக்கு டாக்பேக் ‘படம்’ என்று சொல்லிவிட்டு அமைதியாகிவிடும். ஆசிரியர் யாராவது இதைப் படித்தால், உங்கள் வினாத்தாளைப் போனில் ஒரு தடவை வாசிக்க விட்டுக் கேளுங்கள். கெஞ்சித்தான் கேட்கிறேன்.

மாற்றும் நிரலில் போட்டு யூனிகோடாக்கினேன். எழுத்து சரியானது, கணக்கு சரியாகவில்லை. மேலும் கீழுமாக எழுதுகிற பின்னத்தை நான் படமாக ஒட்டியிருந்தேன். அதை வரியாக எழுத உட்கார்ந்தபோதுதான் என் வாய்க்கணக்கின் லட்சணம் தெரிந்தது. ‘எக்ஸ் கூட்டல் ரெண்டு பை மூணு’ என்றால் எக்ஸையும் சேர்த்து மூன்றால் வகுப்பதா, இரண்டை மட்டுமா? இப்போது ‘எக்ஸ் கூட்டல் ரெண்டு, முழுவதும் வகுத்தல் மூணு’ என்று எழுதுகிறேன், சொல்கிறேன். ரூட் வந்தால், ‘ரூட் ஆரம்பம், ஒன்பது கூட்டல் பதினாறு, ரூட் முடிஞ்சது.’ வகுப்பே அப்படிப் பேசப் பழகிவிட்டது. அந்த ‘முழுவதும்’ வந்த பிறகு அடைப்புக்குறியை விட்டுவிட்டுத் தப்பாகச் சுருக்குகிற பிள்ளைகளின் தாள்கள் குறைந்திருக்கின்றன.

என் மடிக்கணினியில் என்விடிஏ போட்டு வைத்திருக்கிறேன். 2006-இல் ஆஸ்திரேலியாவில் பார்வையில்லாத இளைஞர் மைக்கேல் கரன் தொடங்கி, அவரைப் போலவே பார்வையில்லாத ஜேம்ஸ் டேயோடு சேர்ந்து, விலை கொடுத்து வாங்க முடியாதவர்களுக்காக வளர்த்த இலவசத் திரைவாசிப்பான். தமிழும் வாசிக்கும். குரல் தகரத்தில் தட்டுவது போல இருக்கும், அவளுக்கு அது போதும். பென்டிரைவிலிருந்தே ஓடும் என்பதால் ஆய்வகக் கணினியிலும் ஓடுமா என்று பார்க்க வேண்டும், கேட்டிருக்கிறேன்.

மற்றபடி பெரிதாக ஒன்றும் மாறிவிடவில்லை. போன வாரம் மறுபடி பதிவு செய்து எண்ணினேன், முப்பத்தொன்று. அவசரமாகப் பாடத்தை முடிக்க ஓடும் நாளில் கை தானாக நீண்டுவிடுகிறது. அப்போதெல்லாம் முதல் பெஞ்சிலிருந்து, ‘எது டீச்சர்?’ என்று வரும். சில நாள் அது அவள் குரலாக இருப்பதில்லை, கடைசி பெஞ்சிலிருந்து வருகிறது.

திங்கட்கிழமை முக்கோணவியல் தொடங்க வேண்டும். எதிர்ப்பக்கம், அடுத்துள்ள பக்கம், கர்ணம். முதல் இரண்டு பெயரும் எந்தக் கோணத்திலிருந்து பார்க்கிறோம் என்பதைப் பொறுத்து மாறும், கர்ணம் மாறாது. முக்கோணத்தை ஆணிப் பலகையில் நூலால் கட்டிவிடலாம். கோணம் என்பது கோடு அல்ல, இரண்டு கோட்டுக்கு நடுவே இருக்கிற திறப்பு. அதை நான் எப்போதும் இரண்டு கையை விரித்துத்தான் சொல்லியிருக்கிறேன். இதற்கு வாய்ச்சொல் இன்னும் எனக்குச் சரியாக வரவில்லை. நேற்று ராத்திரி அடுப்படிக் கதவைத் திறந்து மூடித் திறந்து மூடிச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன். கதவின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு சுவரிலிருந்து நகர்ந்து வந்தால் கோணம் வளர்வது கைக்கும் காலுக்கும் தெரிகிறது. வகுப்பறைக் கதவில் தொடங்கலாம் என்றிருக்கிறேன். அந்தக் கதவு பாதிக்கு மேல் திறக்காது, கீழே தரை பெயர்ந்து சிமென்ட் மேடாக நிற்கிறது. திங்கட்கிழமை பிரேயருக்கு முன்னாலேயே போய் அதைத் தட்டி எடுக்க வேண்டும்.